பலநாள் படகுகளுக்குச் சமநிலைக் கணக்கு: எமது நிலைப்பாடு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு பலநாள் படகுக்கும் வடிவமைப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்த சமநிலைக் கணக்கு கட்டாயமாக்கப்பட வேண்டும். கடற்றொழிலாளரும் படகு கட்டுவோரும் சேர்ந்த எமது அமைப்பின் கோரிக்கை இது. புதுப் படகுக்கு மட்டுமல்ல, பழைய படகை நீட்டும்போதும், மேல்தட்டில் புதிதாகத் தண்ணீர்த் தாங்கி ஏற்றும்போதும் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து அச்செடுத்து இன்னொரு பைபர் படகை வார்ப்பது இலங்கைக் கரையெங்கும் உள்ள வழக்கம். அச்சிலிருந்து வடிவம் வரும். ஐஸும் எண்ணெயும் மீனும் எந்த உயரத்தில் பாரமாகப்போகின்றன என்பதற்கு அச்சிடம் பதில் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாக வார்த்துக் கொடுத்த படகுகளின் தரக்குறைவை நாம் இன்னும் மறக்கவில்லை.

20 தொன் படகொன்றை அமைதியான நீரில் கட்டி, 200 கிலோ மணல் மூட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 3 மீற்றர் நகர்த்துங்கள். 2 மீற்றர் நூலில் தொங்கும் தூக்குக்குண்டு 8 சென்ரிமீற்றர் விலகினால், பொறியியலாளர் சொல்லும் மெற்றாசென்ரிக் உயரம் 75 சென்ரிமீற்றர். சரிந்த படகை நிமிர்த்தும் வலு அதில்தான் இருக்கிறது. அதே படகில் 2.5 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் நீளமுள்ள தாங்கி பாதி நிரம்பித் தளம்பினால் அந்த உயரத்தில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் போய்விடும். தாங்கிக்கு நடுவே, படகின் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு நாலில் ஒன்றாகும். ஒரு பலகையின் செலவில் முடிகிற காரியம் இது. புறப்படும்போது, மீன் நிறைந்து திரும்பும்போது, எண்ணெய் வற்றும்போது என்று ஒவ்வொரு நிலையையும் படகு கட்டுமுன்பே மென்பொருள் காட்டிவிடும். ஆனால் மூட்டை நகர்த்தி எடுத்த அளவு இல்லாமல் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பிக் கடலுக்குப் போக நாம் யாரையும் விடமாட்டோம்.

மாக்ஸ்சர்ஃப் போன்ற விலையுயர்ந்த மென்பொருளைத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்ப்போம். டெல்ஃப்ட்ஷிப்புக்கு இலவசப் பதிப்பு உண்டு. ஃப்ரீஷிப் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. நம் அளவுப் படகின் அடிப்படைக் கணக்கை இவற்றில் தொடங்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்கள் நம் வாடிகளுக்கு வந்து, ஓடாவிமாரோடு அமர்ந்து அளவெடுக்கட்டும். கணக்குப் போடத் தெரியாவிட்டாலும், எந்தப் படகு எந்தக் கடலில் பின்வாங்கும் என்பது அந்த மனிதர்களுக்குத் தெரியும். அவர்கள் கைப்பட உருவான வடிவத்தின் வரைபுக் கோப்பு அவர்களுக்கும் படகுச் சொந்தக்காரருக்குமே உரியது. அனுமதியின்றி எந்த நிறுவனமும் அதை விற்கக் கூடாது. கணக்கின் முடிவு ஒரே தாளில் தமிழில் எழுதப்பட்டு, படகோட்டியின் கண்ணெதிரே ஒட்டப்பட வேண்டும்.

கடற்றொழில் திணைக்களத்துக்கும் ஒன்று சொல்கிறோம். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடும்போது, நம் படகுகள் திறந்த கடலில் நங்கூரமிட வேண்டியிருக்கிறது, அல்லது வாழைச்சேனைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆழமற்ற வாயில் பின்னாலிருந்து உடையும் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். அதற்கு எந்த மென்பொருளும் ஈடு கட்டாது. வாயைத் தோண்டாமல் படகை மட்டும் திருத்தச் சொல்வதை நாம் ஏற்கமாட்டோம்.

முதல் அளவெடுப்புக்கு எமது உறுப்பினர்களின் படகுகளைத் தருகிறோம். மூட்டைகளும் ஆட்களும் எமது பொறுப்பு.