வாடகை வாங்கும்போது விடுதி, கூலி கேட்டால் வீடா?

காலை 11 மணிக்கு ஒரு விருந்தினர் அறையைக் காலி செய்கிறார். பிற்பகல் 2 மணிக்கு அடுத்தவர் வந்து இறங்குகிறார். நடுவில் கிடக்கும் மூன்று மணி நேரம்தான் எங்கள் தெருப் பெண்களின் வேலை நேரம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாக மாறிய பிறகு, வயல் கூலியும் நூறு நாள் வேலையும் இல்லாத நாட்களில் எங்கள் குடியிருப்புகளுக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். அதைக் குறைத்துச் சொல்ல நாங்கள் வரவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது தங்கிப் போகிறவர்களுக்குத் தெரியாது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உருவிப் பின்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மது பாட்டில், மிச்சச் சோறு, குழந்தையின் டயப்பர், நாப்கின் என்று குப்பையைக் கையால் பிரிக்க வேண்டும். கமோடு, வாஷ்பேசின், தண்ணீர் போகும் துளையில் சுருண்டு கிடக்கும் முடி. அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்வது. ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். கறை இருந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய வழுவழுப்பான சுவரில் சொரசொரப்பான எதையும் வைத்துத் தேய்த்தால் கோடு விழும். வளவு திறந்தவெளி என்பதால் புறா எச்சத்துக்கு விடுமுறையே கிடையாது. ஒட்டடைக் கம்பு எட்டாத உத்தரத்துக்கு ஏணி போட வேண்டும். எந்தக் கறைக்கு எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது எங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். ஒரு பாட்டில் ஆசிட்டால் ஆயிரக்கணக்கில் நட்டம் வராமல் காப்பாற்றும் இந்த அறிவுக்குக் கூலிக் கணக்கில் இருக்கும் பெயர் 'திறனற்ற வேலை'.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டுகொண்டே போய்ப் பின்வாசலில் நிற்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் எல்லை அந்தப் பின்வாசல். இன்று எங்கள் பெண்கள் எல்லாக் கட்டுக்கும் போகிறார்கள், எல்லா அறையையும் திறக்கிறார்கள், அடுத்தவர் படுத்த கட்டிலை விரிக்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைவது மட்டும் அதே பின்வாசல் வழியாக. விருந்தினர் வரும் நேரத்தில் அதே வழியாக வெளியேறிவிட வேண்டும். "எல்லா ஓட்டலிலும் வேலைக்காரர்களுக்குத் தனி வழி உண்டே" என்பார்கள். உண்டுதான். அப்படியானால் சமையல்காரரும் மேனேஜரும் கார் ஓட்டுநரும் ஏன் முகப்பு வழியாக வருகிறார்கள்? பின்வாசலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வருகிறவர்களாக இருப்பது எப்படி?

டீ விஷயமும் அப்படித்தான். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்லலாம். பேப்பர் கப் வந்துவிட்டது. மற்றவர்கள் எவர்சில்வர் டம்ளரில் குடிக்கும் சமையற்கட்டில் எங்கள் ஆட்களுக்கு மட்டும் பேப்பர் கப் வருகிறது. சுகாதாரமாம்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அம்மாவுக்கு முதுகுவலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனாள். வளவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டுக்காரர் ஒருவர், இந்தக் கற்களை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அவளுக்கு ஆத்தங்குடியில் பார்த்த அனுபவம் உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊற வைப்பார்கள் என்று ஆங்கிலத்திலேயே விளக்கியிருக்கிறாள். அவர் மகிழ்ந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் பையன் வந்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் தாய் வயதுள்ள அவள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உம் மகளைக் கூட்டிட்டு வர்றதா இருந்தா வேலையை மட்டும் பாக்கச் சொல்லு. கெஸ்ட்டுகிட்ட என்ன பேச்சு?" என்றான். அந்த வீட்டில் விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக்காட்ட ஆள் தேவை என்று பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதையும் அவன்தான் முன்பு சொல்லியிருந்தான்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. அம்மா இன்னும் போகிறார்.

இந்த மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது. அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம். அந்த ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, குடை, செருப்பு கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931-ல் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1931 ஜூனில் தடைகள் 11 ஆகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இன்னொன்று, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரரிடம் வேலை செய்ய வேண்டும், கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. பாத்திரம், படிப்பு, கூலி மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களுக்கு அவை ஒன்றோடொன்று பின்னியவை என்று நன்றாகத் தெரிந்திருந்தது. கண்டதேவித் தேர் வடத்தைத் தொடுவதற்குக்கூட நீதிமன்றப் படியேற வேண்டியிருந்த மாவட்டம் இது. பேப்பர் கப்பையும் பின்வாசலையும் நாங்கள் சின்ன விஷயமாக நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

கூலிக்கு வருவோம். எங்கள் தெருவிலிருந்து போகும் பெண்களுக்கு நாளுக்கு 250 ரூபாய். விருந்தினர் இல்லாத நாளில் ஒன்றுமில்லை. போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அறை வாடகையோ ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில். இணையத்தில் முன்பதிவு செய்யும் சில தளங்களில் 'சுத்தம் செய்யும் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகையையே காட்டலாம். அது வீட்டை விடுகிறவருக்குப் போகும். விருந்தினர் மதிப்பெண் போடும்போதும் சுத்தத்துக்கென்று தனி நட்சத்திர வரிசை இருக்கிறது. 5 நட்சத்திரம் வாங்கித் தருகிறவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

குறைந்தபட்சக் கூலியைக் கேட்டால் வரும் பதில்: "இது ஓட்டலா என்ன? எங்க வீடும்மா. வீட்டு வேலைக்கு இதுக்கு மேல யாரு கொடுக்குறா?" வாடகை வாங்கும்போது விடுதி, கூலி கேட்கும்போது வீடு. இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் எல்லாமே ஒளிந்திருக்கிறது. வீடு என்றால் ஆய்வாளர் வர மாட்டார், பதிவேடு வேண்டாம், யாரை எந்த வாசலில் விடுவது என்பது வீட்டுக்காரர் விருப்பம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் ஓட்டல் வேலையும் இருக்கிறது, வீட்டு வேலையும் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொன்னாலும் தப்பிக்க வழியில்லை. தீண்டாமைக் குற்றங்களுக்காக 1955-ல் வந்து, 1976-ல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'ஓட்டல்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பணம் கொடுத்துத் தங்கும் இல்லங்களும் அடங்கும். அங்கே பாத்திரத்தில் பாகுபாடு, நுழைவதில் பாகுபாடு, வேலை கொடுப்பதில் பாகுபாடு எல்லாமே 4-வது பிரிவின்படி குற்றம். தீண்டாமையின் பெயரால் ஒருவரைக் கூட்டவும் கழிவு அள்ளவும் கட்டாயப்படுத்துவதும் குற்றம் என்று 1976 திருத்தம் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு பிரிவுகளையும் தாய்மார்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினால் நல்லது.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த வீடுகளைக் கட்டியபோது அறைக்கு ஒரு கழிப்பறை என்ற ஏற்பாடு இல்லை. விடுதியாக மாற்றும்போது அறைதோறும் குளியலறை சேர்த்து, கழிவுத் தொட்டியைப் பின்பக்கம் தோண்டுகிறார்கள். விருந்தினர் நிறைந்த ஒரு வார இறுதியில் அது அடைத்துக்கொண்டால், கழிவுநீர் லாரி வருவதற்குள் எங்கள் தெருவுக்குத்தான் போன் வருகிறது. "கொஞ்சம் மூடியைத் திறந்து குத்தி விடச் சொல்லுங்க." பெண்கள் அறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்பதால் வீட்டு ஆண்கள் தொட்டியைச் சுத்தம் செய்வார்கள் என்பது இவர்களின் கணக்கு. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை வைத்துக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்வது குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவு நீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. விஷ வாயு முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியதல்ல. அந்தப் போன் வந்தால் ஆயிரம் ரூபாய் என்றாலும் போகாதீர்கள். 14420-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லா வீடுகளும் இப்படி என்று சொல்லவில்லை. எங்கள் பெண்களை முகப்பு வழியாக வரச் சொல்லி, கூடவே உட்கார்ந்து சாப்பிடும் ஆச்சிமார்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்; குத்தகைக்கு நடத்துபவரும் உள்ளூர் மேற்பார்வையாளரும் ஊர் வழக்கத்தைத் தாங்களே உள்ளே கொண்டுவருகிறார்கள். ஆனால் நல்ல ஆச்சி கிடைப்பது அதிர்ஷ்டம். கூலியும் மரியாதையும் அதிர்ஷ்டத்தில் வரக் கூடாது.

ஸ்பெயின் நாட்டில் ஓட்டல் அறை சுத்தம் செய்யும் பெண்கள் 'லாஸ் கெலிஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரண்டார்கள். 'சுத்தம் செய்கிறவர்கள்' என்ற ஸ்பானியச் சொல்லைச் சுருக்கி, விளையாட்டாக வைத்த பெயர் அது. ஒப்பந்தக்காரர்கள் அறைக் கணக்கில் கூலியை அடித்துக் குறைப்பதை எதிர்த்தார்கள். வேலையால் வரும் கை, தோள் வலியைத் தொழில் நோயாக ஏற்கச் சொன்னார்கள். தனித்தனி அறையில் தனியாக வேலை பார்க்கும் பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததுதான் அதில் பெரிய விஷயம். நம் ஊரில் அவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். தேட வேண்டிய வேலைகூட இல்லை.

உடனே செய்ய முடிந்தவை சில. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்பு உதவி முதல் ஓய்வூதியம் வரை அதில் உண்டு. பதிவு செய்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர்தான். அறைக்குள் தனியாக வேலை பார்க்கும்போது யாராவது தவறாக நடந்தால், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமாக இருந்தாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதைப் பல மேனேஜர்களுக்கே தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்வதோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. இத்தனை வீட்டுப் படுக்கை விரிப்புகளும் எங்கேயோ வெளுக்கப்படுகின்றன. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெரிய சலவை இயந்திரங்கள் வைத்து நான்கைந்து பெண்கள் சேர்ந்து நடத்தினால் விடுதிகள் அவர்களைத் தேடி வரும். வங்கி எளிதில் கடன் தராது என்பதும் தெரிந்ததே. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா?

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இறுதிப் பட்டியலில் ஏறினால் இன்னும் நிறைய வீடுகள் திறக்கும், இன்னும் நிறைய அறைகள் துடைக்கப்படும். விடுதிகளுக்குப் பதிவும் அனுமதியும் கொடுக்கும்போது மாவட்ட நிர்வாகம் சிலவற்றைக் கேட்க வேண்டும். வேலை செய்பவர்களின் பெயர்ப் பதிவேடு எங்கே, கூலியை வங்கிக் கணக்கில் போடுகிறீர்களா, கழிவுத் தொட்டியை எடுக்க எந்த லாரியோடு ஒப்பந்தம், சுத்தம் செய்கிறவர்களுக்குக் கழிப்பறை உண்டா? கடைசிக் கேள்வி பலருக்குச் சிரிப்பாக இருக்கும். எட்டுக் கழிப்பறையைக் கழுவிய பெண் அவசரத்துக்கு முள்காட்டைத் தேடிப் போகும் வீடுகள் இருக்கின்றன.

அந்தக் கல்லூரிப் பெண் இப்போது ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். மாலையில் தெருப் பெண்கள் திரும்பி வந்ததும் கேட்டு எழுதுகிறாள்: தேதி, எந்த வீடு, எத்தனை அறை, எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், கையில் என்ன கொடுத்தார்கள். பதினொரு பெண்களின் கணக்கு அதில் இருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போகப் போகிறோம்.