ஒரே அளவுகோல் வேண்டும்!

நம் சங்க இதழில் சங்க இலக்கியம் பற்றிக் கட்டுரை வரும், கவிதை வரும், ஊர் நினைவில் எழுந்த சிறுகதையும் வரும். கால்பந்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால், "இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?" என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. ஆட்டத்தை நடத்துபவரை ஆங்கிலம் 'ரெஃப்ரி' என்கிறது. முறையீடு கேட்பவர் என்பது அதன் பொருள். தமிழோ அவரை 'நடுவர்' என்கிறது. அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டது நம் மொழி. நடுவுநிலைமைக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அங்கே துலாக்கோலையே உவமை காட்டினார். அரசன் கையில் இருப்பது செங்கோல். வணிகன் கையில் இருப்பது துலாக்கோல். கொல்கத்தாச் சிறுவனுக்குக் கோல் என்றால் வலைக்குள் பந்து விழுவது. இந்த மூன்று கோலும் கோணக்கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

இயற்பியல் முதுகலை படிக்கத் திருச்சியிலிருந்து இந்நகருக்கு வந்தவன் நான். வந்த நாள்முதல், ஞாயிறு காலைகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் ஆடும் ஆட்டங்களுக்குக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து வருகிறேன். கோட்டோரம் நிற்பவனுக்கு ஒரு நன்மை உண்டு. களத்துக்குள் பேசுவதும் அவன் காதில் விழும். களத்துக்கு வெளியே ஏசுவதும் விழும். இரண்டையும் கேட்டுக் கேட்டு நான் கண்ட உண்மை ஒன்று. "ரெஃப்ரிக்குக் கண் தெரியவில்லை" என்று கத்தும் சிறுவன், ஆட்டம் முடிந்து மண்குவளையில் தேநீர் குடிக்கும்போது அதை மறந்துவிடுகிறான். "அவன் செய்தால் சும்மா, நான் செய்தால் அட்டையா?" என்று கேட்கும் சிறுவன் அதை மறப்பதே இல்லை.

நம் அறிவியல் மாணவர்க்கு இது விளங்காததன்று. திருகு அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுழிப்பிழை இருந்தால் நாம் கலங்குவதில்லை. பிழை எவ்வளவு என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அளவிலும் அதைத் திருத்திக்கொள்கிறோம். அளவி பழுதுடையதுதான், ஆயினும் பயன்படும். ஆனால் திருகு தளர்ந்து, ஒரே கம்பிக்கு ஒரு முறை ஓரளவும் மறுமுறை வேறளவும் காட்டினால் அந்த அளவியைக் கொண்டு என்ன செய்வது? மூலையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நடுவரும் அப்படித்தான். சிறு உரசலுக்கும் ஊதும் கண்டிப்பான நடுவர் ஒருவர். தோளோடு தோள் மோதினாலும் "ஆடு, ஆடு" என்று கையசைக்கும் நடுவர் இன்னொருவர். இருவரோடும் சிறுவர்கள் பொருந்தி ஆடிவிடுவார்கள். முதல் பத்து நிமிடத்தில் அவருடைய சுழிப்பிழையைக் கண்டுகொண்டு, தம் காலை அதற்கேற்ப அடக்குவார்கள். அல்லது துணிந்து நீட்டுவார்கள். முதற்பாதியில் கையசைத்துவிட்ட அதே தடுக்கலுக்கு மறுபாதியில் மஞ்சள் அட்டை நீட்டும் நடுவரோடு மட்டும் எந்தச் சிறுவனும் பொருந்த முடியாது. தவறாத நடுவரைச் சிறுவர்கள் கேட்கவில்லை. மாறாத நடுவரைக் கேட்கிறார்கள்.

மாற்றம் ஏன் நேர்கிறது? நடுவரெல்லாம் நேர்மையற்றவர் என்று சொல்வது அறியாமை. ஆட்ட விதிகள் மொத்தம் 17. அவற்றுள் பன்னிரண்டாம் விதி, எதிரியின் மீது செய்யும் குற்றத்தை மூன்று படியாக வகுக்கிறது. கவனமின்மைக்கு ஃப்ரீ கிக் மட்டும்; எதிரிக்கு நேரும் இடரைப் பொருட்படுத்தாத செயலுக்கு மஞ்சள் அட்டை; அளவு மீறிய வலிமைக்குச் சிவப்பு அட்டை. ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே கோடு கிழித்துக் காட்ட எந்த நூலாலும் இயலாது. அதை ஒரு நொடிக்குள், ஓடிக்கொண்டே, இருபத்திரண்டு பேர் நடுவே நின்று ஒரு மனிதர் முடிவு செய்கிறார். சிறுவர் ஆட்டமென்றால் பல நேரங்களில் கொடி பிடிக்கவும் ஆள் கிடைப்பதில்லை.

கூச்சல் என்பதும் ஒரு விசை. 2002இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினர். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடும், மற்றவர்க்கு ஒலியில்லாமலும் காட்டினர். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணியின் மேல் குற்றம் சொன்னது 15.5 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த நடுவர்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. அவர்கள் காதுதான் அவர்களை ஏமாற்றியது. இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். இரு அணிக்கும் பொதுவான கண்டிப்பு கழித்துக்கொள்ளத்தக்க பிழை. ஓரணிப் பக்கமே சாயும் பிழையை யாரும் கழித்துக்கொள்ள இயலாது. நடுவர் நல்லவராக இருந்தாலும் அவரைச் சாய்க்கும் காற்று வீசிக்கொண்டேதான் இருக்கிறது.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். சென்ற தைத்திங்களில் நம் சங்கம் நடத்திய சிறுவர் எழுவர் போட்டியின் அரையிறுதியில், அக்கம்பக்கத்து வங்காளிச் சிறுவரின் அணி ஒன்று பாதி ஆட்டத்தில் களத்தை விட்டுச் சென்றது. நடுவர் தமிழர், கொடி பிடித்த இருவரும் தமிழர், எதிரணியும் தமிழ்ப் பிள்ளைகள். "உங்கள் ஊர்க்காரர் உங்களுக்குத்தானே ஊதுவார்?" என்றான் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன். அன்று நடுவர் வேண்டுமென்றே சாய்ந்தார் என்று நான் கருதவில்லை. ஆனால் அப்படி ஐயுறுவதற்கு இடம் வைத்துவிட்டது நம் ஏற்பாடு. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வந்த நம்மை இந்நகரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பிள்ளைகள் நம் பொங்கல் விழாவுக்கு வந்து, நீதி கிடைக்கவில்லை என்ற கசப்போடு திரும்புவது கோப்பையை இழப்பதைக் காட்டிலும் பெரிய இழப்பு அல்லவா?

நடுவரைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆடுவோரைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் துலாக்கோலும் கோணியதாகும். பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது. அந்த நொடியில் இரண்டு சிறுவர்கள் கையை உயர்த்துகிறார்கள். "ஆமாதேர்! ஆமாதேர்!" என்று ஒருவன், "நமக்கு! நமக்கு!" என்று மற்றவன். பந்து யார் காலில் கடைசியாகப் பட்டது என்பது இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்! ஆயினும் கை உயர்கிறது. தன் சட்டையை இழுத்தால் பெனால்டி கேட்கிறான்; தான் இழுத்தால் இரு கைகளையும் விரித்து வானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறான். நடுவரிடம் ஒரே அளவுகோல் கேட்கும் சிறுவனுடைய பையில் இரண்டு அளவுகோல் இருக்கின்றன. பெற்றோர் பையிலோ மூன்று!

இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது, களத்தில் மோதிக்கொண்ட இரு வீரர்கள் வெளியேற்றப்பட்டனர். களத்துச் சினம் காலரிக்குப் பரவிற்று. அக்கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக இந்நகரம் இன்றும் நினைவுகூர்கிறது. 2012 டிசம்பர் 9 அன்று அதே இரு அணிகள் சால்ட் லேக் அரங்கில் ஆடியபோது, நடுவரோடு வாதாடிய தலைவர் சிவப்பு அட்டை பெற்றார்; வீரர் ஒருவர் மேல் கல் விழுந்தது; மோகன் பகான் மறுபாதிக்குக் களமிறங்கவில்லை. முதலில் இரண்டாண்டுத் தடை வந்தது. பிறகு அது நீங்கி 2 கோடி ரூபாய் அபராதமாயிற்று. 2023இல் பெங்களூரில் கேரள பிளாஸ்டர்ஸ் அணி நடுவர் முடிவை ஏற்காமல் வெளியேறி 4 கோடி ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது. பெரியவர் களத்தைவிட்டு நடந்தால் பிள்ளைகளும் நடக்கக் கற்றுக்கொள்வர்.

நடப்பதோடு நின்றால்கூடத் தாழ்வில்லை. 2012 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டு அல்மேரே நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்தில் கோட்டு நடுவராக நின்ற தந்தை ஒருவரை எதிரணிச் சிறுவர்கள் அடித்து உதைத்தனர். மறுநாள் அவர் இறந்தார். சம்பளம் வாங்காமல் கொடி பிடித்தவர் அவர். கோட்டோரம் நிற்கும் எனக்கு அந்தச் செய்தி தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

"நடுவர் முதலில் ஒழுங்காகட்டும்; பிறகு நாங்கள் ஒழுங்காவோம்" என்பது சிலர் வாதம். இவ்வாதம் நிற்காது. நடுவர் தவறினார் என்பது நம் நாவுக்கு வழங்கப்பட்ட உரிமம் ஆகாது. எண்ணிப் பாருங்கள்: ஒவ்வோர் ஊதலுக்கும் எட்டுப் பேர் ஓடிவந்து சூழ்ந்து கூவினால், அந்த மனிதரின் அளவுகோல் ஆடத்தானே செய்யும்? இரைச்சல் முடிவை வளைக்கும் என்று மேலே கண்டோம். மாறாத நடுவர் வேண்டுமென்போர் அவரை மாற்ற முயலக்கூடாது.

"பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவா?" என்பது இன்னொரு கேள்வி. நல்ல கேள்வி. வயதுக்கேற்ப அளவு மாறலாம். ஓர் ஆட்டத்துக்குள், ஓரணிக்கும் மற்றோரணிக்கும் இடையே, முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் இடையே அது மாறக்கூடாது. அவ்வளவே.

இதற்கு வழி உண்டா? உண்டு, உலகம் சிலவற்றைக் கண்டுபிடித்தும் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் ஜெர்மானிய நடுவர் வெளியே போகச் சொன்ன அர்ஜென்டினத் தலைவர் போகாமல் நெடுநேரம் நின்றார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அதன்பின் ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணினார். 1970இல் மெக்சிகோவில் அவை களத்துக்கு வந்தன. மொழி தெரியாத ஊரில் வாழும் நம்மைவிட அந்த அட்டைகளின் அருமையை யார் அறிவார்? 2024 ஐரோப்பியக் கோப்பையில், நடுவரிடம் தலைவர் மட்டுமே பேசலாம் என்ற முறை வந்தது. இங்கிலாந்தில் நடுவரை எதிர்த்துப் பேசும் வீரரைப் பத்து நிமிடம் வெளியே அமர்த்தும் முறையை 31 லீக்குகளில் சோதித்தார்கள்; எதிர்ப்பேச்சு 38 விழுக்காடு குறைந்தது என்று கண்டு, 2019இல் அடித்தள லீக்குகள் அனைத்துக்கும் அதை விரித்தார்கள்.

ஆகவே நம் சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

முதலாவது: போட்டிக்கு முந்திய நாள் நடுவர், கொடி பிடிப்போர், அணித்தலைவர் அனைவரும் ஒரு மணிநேரம் கூடி, எது குற்றம், எது அட்டை என்று சில காட்சிகளைப் பார்த்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். அளவியைச் சோதனைக்கு முன்பே சரிபார்ப்பது நம் தொழில் அல்லவா?

இரண்டாவது: தமிழ் அணியும் வங்காளி அணியும் மோதும் ஆட்டத்தில் இரு கொடியும் ஒரே கூட்டத்தார் கையில் இருக்கக்கூடாது. நடுவரை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம். எதிர்த்துப் பேசும் மற்றவர், யார் மகனானாலும், ஐந்து நிமிடம் வெளியே அமர வேண்டும். நம் ஆட்டம் நாற்பது நிமிடம். அதற்கு ஐந்து போதும்.

நான்காவது: பெற்றோரும் ஆதரவாளரும் கோட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கயிற்றுக்குச் செலவு சொற்பம்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். நம்முள் சிலராவது நடுவர் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத முன்வர வேண்டும். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். ஒரு தமிழ்ப் பெண் ஊதலோடு உலகக் களத்துக்குப் போக முடியுமானால், நாம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் திடல்வரை போகலாகாதா?

அந்த அணிச் சிறுவர்களை இவ்வாண்டும் அழைக்கப்போகிறோம். அவர்கள் வெல்லலாம், தோற்கலாம், அது அவர்கள் கால் வலிமை. ஆனால் தோற்றாலும் கைகுலுக்கிவிட்டு, நம்மோடு அமர்ந்து பொங்கல் உண்டு போகும்படி செய்வது நம் பொறுப்பு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். இந்த வழியை மார்கழியிலேயே வகுத்து வைப்போம்.