நிரப்பும் முன் நீட்டிக் காட்டுங்கள்

முகச் சுருக்கத்திற்குப் போடப்பட்டுவந்த நிரப்பு ஊசி, இப்போது புறங்கைக்கும் வந்துவிட்டது. வயது ஏற ஏறப் புறங்கைத் தோலின் அடியிலுள்ள கொழுப்பு குறைகிறது. இரத்தக் குழாய்களும் தசைநாண்களும் புடைத்துத் தெரிகின்றன. ஹயலூரானிக் அமிலத்தையோ கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்டையோ அங்கே செலுத்தி மேடாக்குவதே இச்சிகிச்சை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கெனக் கால்சியம் வகை ஒன்றை 2015-இலும், ஹயலூரானிக் வகை ஒன்றை 2018-இலும் அனுமதித்தது.

கை இளமையாகத் தோன்றவேண்டும் என்ற விருப்பத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் மெலிந்த கை எல்லாம் முதுமையின் கை ஆகிவிடாது என்பதே எங்கள் கவலை.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழி விழுந்தால், முழங்கையை ஒட்டிச் செல்லும் அல்நார் நரம்பு அழுந்தியிருக்கலாம். கழுத்து முள்ளெலும்புத் தேய்மானம் காரணமாகலாம். தொழுநோயாகவும் இருக்கலாம், அந்நோய் அடிக்கடி தாக்கும் நரம்புகளுள் இதுவும் ஒன்று. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஊனத்தைத் தவிர்க்கலாம். அந்தக் குழியை ஊசியால் நிரப்பினால் அடையாளம் மறையும், நோய் வளரும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் நம் பகுதியில் உண்டு. காசிமேட்டில் மீன் அரியும் கையும், மாதவரத்திலும் எண்ணூரிலும் சரக்கு ஏற்றி இறக்கும் கையும் மெலிந்தால், "உழைத்த கை அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பணம் உள்ளவர் குழியை மூடுகிறார், இல்லாதவர் பொறுத்துக்கொள்கிறார். இருவருமே கையைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

முதுமை பொதுவாக இரு கைகளையும் மெல்ல மெல்லத் தொடும். ஒரு கை மட்டும் மெலிதல், சுண்டுவிரலில் மரமரப்பு, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், சுடு பாத்திரம் பட்டும் சூடு தெரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார்கள், உடனிருப்போர்தாம் கேட்கவேண்டும்.

சோதித்தபின் முதுமைதான் என்று தெரிந்தால், ஊசி போடுவது உங்கள் விருப்பம். அதன் பயன் நிலையானதன்று, மீண்டும் செலவாகும். வீக்கம், கன்றிப்போதல், கட்டி ஆகியவை வரலாம். மருந்து இரத்தக் குழாய்க்குள் சென்றால் அடைப்பும் ஏற்படலாம். ஹயலூரானிக் வகையைக் கரைக்க மாற்று மருந்து உண்டு. கால்சியம் வகையை அதனால் கரைக்க இயலாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அழகு நிலையத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். காணொளியையோ பயிலரங்கையோ பார்த்தது மட்டும் அழகியல் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவுபடுத்தியது. ஊசி போடுபவரின் தகுதியையும், செலுத்தும் மருந்தின் பெயரையும் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கையைக் கொடுக்கவேண்டாம்.