ரொட்டிக் கடையும் ரசிகர்களும்

சேலத்திலிருந்து ஒகேனக்கலுக்கு நண்பரின் காரில் போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர்க் கணவாயைக் கடந்து, தருமபுரியில் பென்னாகரம் சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனபின், டீ சாப்பிடலாம் என்று ஒரு ரொட்டிக் கடை வாசலில் நிறுத்தினோம். 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்று பலகை. (ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. இன்று தமிழ்நாட்டுப் பலகைகளில் அந்தப் பெயருக்கு ஜாதியும் கிடையாது, ஊரும் கிடையாது. ருசிக்குக் கொடுத்த பட்டம், அவ்வளவுதான்.) கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், ரஸ்க், வெண்ணெய் பிஸ்கோத்து, ஓர் ஓரத்தில் கேழ்வரகு பிஸ்கோத்து. கேழ்வரகு விளைகிற சீமையில் அது ஓரத்தில்தான் உட்கார வேண்டுமா என்று கேட்கலாம். அது வேறு சண்டை. அப்போதுதான் இறக்கிய பன் ஒன்றைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், வெகு நன்றாக இருந்தது.

நண்பரின் மனைவி பின்கட்டை எட்டிப் பார்த்தார். "அடடா, விறகடுப்பு!" உடனே செல்போன்கள் வெளியே வந்தன. கரி படிந்த சுவரைப் படம் பிடித்தார்கள். "எப்பேர்ப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், பார்த்தீரா?" என்றார் நண்பர். எத்தனையோ வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பன் வாங்கித் தின்னும் கடையை இவர் கண்டுபிடித்துவிட்டாராம்! அதையாவது பொறுக்கலாம். கிளம்பும்போது முதலாளியின் தோளைத் தட்டி, "என்ன ஆனாலும் இந்த அடுப்பை மட்டும் மாத்திடாதீங்க" என்று உபதேசம் வேறு செய்தார்.

முதலாளி சிரித்தார். "மாத்தத்தான் சார் பணம் சேத்துக்கிட்டிருக்கேன். உள்ளே நிக்கறது என் தம்பி."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தி சாய்ந்ததும் மாவு பிசைந்து புளிக்க வைக்கிறார்கள். செங்கல் குகைக்குள் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தி, செங்கல் காய்ந்ததும் கங்கை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைக்கிறார்கள். முதல் சூட்டில் ரொட்டியும் பன்னும், தணிந்ததும் பிஸ்கோத்து, அணைகிற சூட்டில் ரஸ்க். இவ்வளவும் முடிய விடிந்துவிடுகிறது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதற்குள் தம்பி நாலு தடவை இருமினார்.

விறகுப் புகையின் மணம் என்று நம்மவர்கள் உருகுகிறார்களே, ரொட்டி உள்ளே போகும்போது அங்கே நெருப்பே இல்லை! ருசி, இரவெல்லாம் புளித்த மாவிலும் செங்கல் பிடித்துவைத்த சூட்டிலும் இருக்கிறது. புகை மனிதன் நெஞ்சுக்குத்தான் போகிறது. மாவுத் தூசி போதாக்குறைக்கு. ரொட்டி சுடுகிறவர்களை மாவுத் தூசி இருமலிலும் மூச்சிறைப்பிலும் தள்ளுவதை, ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர் 1700லேயே எழுதிவைத்தார். முந்நூறு வருஷம் கழித்தும் நமக்கு அது ரம்மியமான காட்சியாக இருக்கிறது.

2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், நகரத்து ரொட்டிக் கடைகள் விறகையும் கரியையும் விட்டு ஆறு மாதத்துக்குள் மாசு குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. புது அடுப்புக்குப் பணம் எங்கே என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, கடன் கொடுத்து, அவகாசம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கேள்வி. ஆனால் 'பாவின் பழைய ருசி போய்விடுமே' என்று அழுத ரசிகர்களிடம் எனக்கு அனுதாபம் கிடையாது. அவர்கள் வீட்டில் யார் விறகு ஊதுகிறார்கள்? என் நண்பர் வீட்டில் காஸ் அடுப்புக்கு மேலே புகைபோக்கி வேறு மாட்டியிருக்கிறார். எண்ணெய்ப் புகை தலைவலி கொடுக்கிறதாம்.

இதைக் காரில் சொன்னேன். ஒகேனக்கல் வரும் வரை அவர் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் திரும்பும்போது அவராகவே அங்கே காரை நிறுத்தினார். ரஸ்க் தீர்ந்துபோயிருந்தது. மின்சார அடுப்பு என்ன விலை ஆகும் என்று முதலாளியிடம் விசாரித்தார். உள்ளே தம்பி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.