மாற்றும் முன் சுரண்டிப் பாருங்கள்

உத்தரபாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டதால், இருக்கும் வண்டிகளுக்குச் சரியான வைத்தியம் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை அதிகம். கதவைத் திறந்தும் உள்விளக்கு எரியாவிட்டால், கதவுத் தூணில் உள்ள சுவிட்சை மாற்றச் சொல்கிறார்கள். இம்மாதிரிப் பழைய கார்களில் அதற்கு வருவது பெரும்பாலும் ஒற்றை ஒயர். எர்த் கிடைப்பது வண்டியின் இரும்பு வழியாகத்தான். தூத்துக்குடி உப்புக்காற்று முதலில் அரிப்பது அந்த இரும்பைத்தான். ஒயரைக் கழற்றிச் சுரண்டிய இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நலம், கோளாறு சுவிட்சிலோ அது உட்காரும் துளையிலோதான். சொற்ப விலைதானே, மாற்றினால் என்ன என்பார்கள். தாராளமாக மாற்றலாம், ஆனால் துருவின்மேல் திருகிய புது சுவிட்சுக்கும் எர்த் கிடைக்காது. உள்விளக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பதும் சரியான கேள்வி அல்ல. அதே சுவிட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், கதவை மூடியபின்னும் எரியும் 5 வாட் பல்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நாளுக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி குடித்துவிடும். நான்கைந்து நாள் நின்ற வண்டி கிளம்பாது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, சுவிட்சைத் திருகியபின் சுற்றிலும் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். முதலிலேயே பெயின்ட் அடித்தால் எர்த் அடைபட்டுவிடும்.