சேற்றில் ஓடும் கணக்கு

குதிரைப் பந்தயம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் பெற்றோர் நம்மவருட் பலர். அச்சுளிப்பு நியாயமானதே. ஆயினும், அளவையியல் பயிலும் மாணவர்க்குப் பந்தயத் திடலிலும் ஒரு பாடம் உண்டு. மழை பெய்த நாளில் எக்குதிரை வெல்லும் என்று கணிப்போர் கைக்கொள்ளும் நெறிகளை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயங்கள் பல, புற்றரையிலன்றி மணலும் மண்ணும் கலந்த தரையிலே நிகழ்வன. மழை வருமென்று கண்டால் அத்தரையை அழுத்தி இறுக்கிவிடுவர்; நீர் மேலாக வழிந்தோடும். அடித்தளம் உறுதியாயிருப்பின் குதிரைகள் நீரைச் சிதறடித்து விரைந்தோடும். நீர் உள்ளே ஊறிவிட்டாலோ, சேறு குளம்பைப் பற்றும்; ஓட்டம் தளரும். ஆகவே ஈரத்தரை என்பது பெயரில் ஒன்று, தன்மையில் இரண்டு.

கணிப்போருள் மூவகையினரைக் காணலாம். முதல்வகையினர், முன்னர் ஈரத்தில் நன்கு ஓடிய குதிரையையே நம்புவர். ஆனால், இளங்குதிரையொன்று ஈரத்தில் ஓடியது ஓரிரு முறையாகவே இருக்கக்கூடும். இரண்டாம் வகையினர் குலமரபை ஆராய்வர். லீ தொம்லின்சன் என்பார் மரபுவழியை ஆராய்ந்து, ஈரத்தரைத் திறனுக்கு எண்களே வகுத்தளித்தார். மூன்றாம் வகையினர் முன்னோடும் குதிரையை விரும்புவர். பின்வருவனவற்றின் முகத்திற் சேறு வாரியடிக்கும் என்பது அவர்தம் நியாயம்.

இனிக் கென்ரக்கி டேர்பியை நோக்குக. 2018இல், கொட்டும் மழையிடையே, ஜஸ்ரிபை தொடக்கமுதலே முன்னோடியதை ஒட்டியே ஓடி, பின் முந்தி வென்றது. மூன்றாம் வகையினர் மகிழ்ந்திருப்பர். ஆனால் 2009இல், அதே திடலில், அத்தகைய ஈரத்திலே, மைன் தற் பேர்ட் எல்லாவற்றுக்கும் பின்னே ஓடி, உள்வேலியோரமாகப் புகுந்து, ஏறத்தாழ ஏழு குதிரை நீளத்தால் வென்றது. அதன்மேற் பணம் வைத்தோர் மிகச் சிலரே. ஆதலால் ஒன்றுக்கு ஐம்பது கிடைத்தது. ஜஸ்ரிபையோ அவ்வாண்டே உலர்ந்த தரையில் பெல்மொன்ற் பந்தயத்தையும் வென்றது. அங்ஙனமாயின் டேர்பியில் அதனை வெல்வித்தது சேறா, அதன் வலிமையா?

ஒவ்வொரு நெறியினர்க்கும் தமக்குச் சாதகமான சான்று கிடைக்கும். பாதகமானது எளிதில் மறக்கப்படும். சில நிகழ்ச்சிகளைக் கொண்டு பொதுவிதி வகுப்பதன் இடர் இதுவேயாம். முடிவு தெரிந்தபின் காரணம் கூறல் எவர்க்கும் எளிது.

இன்னுமொன்று. அங்கு வெற்றிக்குதிரைமேற் கட்டப்படும் தொகையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு முதலிலேயே திடலுக்கும் அரசுக்குமாகக் கழிக்கப்படும். எஞ்சியதே வென்றோர்க்குப் பங்கிடப்படும். ஆதலால் சரியாகக் கணித்தல் மட்டும் போதாது. ஏனையோர் அனைவரினும் மிகச் சரியாகக் கணித்தல் வேண்டும். கணக்கில் வல்ல இளைஞனே தன் கணக்கை நம்பி இவ்வலையில் எளிதில் வீழ்வான். அவன் இழப்பது தன் பணத்தை மட்டுமன்று; மனைவி மக்களின் உணவையும் கல்வியையுமாம்.

மாணவர்களே, நிகழ்தகவைக் கற்க, நன்கு கற்க. கற்றவன் முதலில் அறிய வேண்டுவது, தன்னிடமுள்ள சான்று எத்துணைச் சிறிது என்பதே.