அந்தக் காலத்துப் பாத்திரம் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?



போன வாரம் நான் போட்ட ஆரஞ்சு நிறப் பீங்கான் கிண்ணத்தின் படத்தைப் பார்த்து, "அந்தக் காலத்துப் பொருளே தனி சார்" என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கிண்ணத்தை வைத்துத்தான் இன்று சண்டைக்கு வந்திருக்கிறேன். முதல் குற்றவாளி நான்தான்.

மகள் வீடு ஓஹாயோ மாநிலத்தில். இங்கே சனிக்கிழமைகளில் வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அப்படிப் பதினொரு சமையலறைப் பீங்கான்கள் சேர்த்துவிட்டேன். ஓஹாயோ ஆற்றங்கரை ஈஸ்ட் லிவர்பூல் ஒரு காலத்தில் சூளைகளால் பிழைத்த ஊர். அக்கரையில் நியூவெல். அங்கே ஹோமர் லாஃப்லின் கம்பெனி 1936-இல் 'ஃபியஸ்டா' என்ற பளிச்சென்ற வண்ணப் பாத்திரங்களைக் கொண்டுவந்தது. என் கிண்ணம் அந்த வகை.

அதில் பேத்திக்குத் தயிர்சாதம் பிசைந்து, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "மாமா, இது வேண்டாம்" என்று எடுத்து வைத்தார். எனக்குக் கோபம். "இந்த ஊர்க்காரன் இதில்தானே சாப்பிட்டான்?" என்று கேட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அந்தப் பழைய சிவப்பு, ஆரஞ்சு மேல்பூச்சின் நிறமே யுரேனியத்தால் வந்தது! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டதால் அந்த நிறம் நின்றது. 1959-இல் திரும்பி வந்து 1972-இல் முடிந்தது. அலமாரியில் இருந்தால் பயமில்லை. உணவு, பானம் வைக்காதீர்கள் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை. புளிப்பு பட்டால் பூச்சிலிருந்து உலோகம் கசியும். நான் வைத்ததோ தயிரும் எலுமிச்சையும்.

குடும்பக் குழுவில் இதைச் சொன்னேன். உடனே பதில்: "நாம ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிக்கலையா?"

குடித்தோம். ஆனால் நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். பழைய பீங்கான் பூச்சுகள் பலவற்றில் இருப்பது காரீயம். பெயர் ஒன்றுபோல் இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா? காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அது வயிற்றுவலிபோல் அன்றே தெரியாது. "அவர்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறீர்களே, என்ன ஆச்சு என்று யார் அளந்து பார்த்தார்கள்?

இன்னொரு கட்சியும் உண்டு: "பழசா? தூக்கிப் போடு." அதுவும் சோம்பேறித்தனம்தான். அதே ஈஸ்ட் லிவர்பூலில் 1903-இல் தொடங்கிய ஹால் கம்பெனி, 1911 வாக்கிலேயே காரீயம் இல்லாத பூச்சை உருவாக்கிவிட்டது. ஃபியஸ்டாவுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது! ஆக, வயது நல்லதற்கும் சாட்சியில்லை, கெட்டதற்கும் சாட்சியில்லை. எதில் செய்தது, எதைப் பூசியது என்றுதான் கேட்க வேண்டும்.

விலை ஏறும் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஹால் டீபாட்டில் தினமும் தேநீர் போடுகிறோம். பூச்சு என்னவென்று தெரியாத பெரிய கிண்ணங்களில் தோல் உரிக்காத வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடக்கின்றன. பூச்சில் விரிசல் ஓடியவற்றில் சாப்பாடே கிடையாது. சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கூடம் இருக்கிறது.

ஆரஞ்சுக் கிண்ணத்தில் இப்போது வீட்டுச் சாவிகள். மாப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். வகுப்பில் "ஏன் சார்?" என்று கேட்ட பிள்ளையை நான் உட்கார வைத்ததில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியார்